தீதி தந்த கேசட்

அந்தமானில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் தீதி வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். அவர்கள் வீட்டில் கடுகு எண்ணெய் காய்ந்தால் எங்கள் வீட்டில் தும்மல் கிளம்பும். காலையில் எங்கள் டேப்பில் ஓடும் தமிழ்ப் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். தீதி என்றால் வங்காளத்தில் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது அந்தமானில் எல்லாரும் பேசுகிற இந்தியில்.

1996-ல் நான் பன்னிரண்டாம் வகுப்பு. கல்கத்தாவிலிருந்து கப்பலில் திரும்பிய தீதி, வேலிக்கு மேலாக ஒரு கேசட்டை நீட்டினார். "இதில் சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. இது பேண்டு" என்றார். அப்பாவிடம் சொன்னபோது, "கல்யாண வீட்டு பேண்டா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நமக்குப் பாட்டு என்றால் மெட்டுப் போட ஒருவர், எழுத ஒருவர், பாட ஒருவர், திரையில் வாயசைக்க இன்னொருவர். பேண்டு என்று தீதி சொன்னது, நாலைந்து நண்பர்கள் கூடி, தாங்களே எழுதி மெட்டமைத்து, தாங்களே வாசித்துப் பாடுவதை.

அந்தக் கேசட்டில் இருந்தவர்கள் 'மொஹீனேர் கோடாகுலி'. 'மொஹீனின் குதிரைகள்' என்று அர்த்தம். வங்காளக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். கௌதம் சட்டோபாத்யாயவும் நண்பர்களும் 1970-களின் நடுவில் கல்கத்தாவில் தொடங்கியது. கிட்டாரையும் வங்காள நாடோடிகளின் பாவுல் பாட்டையும் ஒன்றாகக் கலந்தார்கள். 1977-லிருந்து 1979-க்குள் மூன்று இசைத்தட்டுகள் போட்டார்கள். அன்றைக்கு வாங்க ஆளில்லை, குழுவும் கலைந்தது. பிறகு கல்லூரிப் பிள்ளைகள் பழைய தட்டுகளைத் தேடித் தேடிக் கைமாற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். குழு தொடங்கிச் சுமார் இருபது வருஷம் கழித்து, புதிய பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு கௌதம் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். தீதி கையிலிருந்தது அதுதான். வானொலியோ சினிமாவோ தூக்கிவிட்ட குழு இல்லை அது. ரசிகர்களே கைக்குக் கை கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து கேட்டோம். ஒவ்வொரு அடி முடிந்ததும் தீதி டேப்பை நிறுத்தி இந்தியில் அர்த்தம் சொல்வார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று, கேசட்டில் பென்சிலைச் செருகிக் கையாலேயே பின்னே சுற்றுவோம். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். வங்காளத்தில் நான்கு 'ப' இருக்கிறது, நம்மிடம் ஒன்றுதான். நான் படித்துக் காட்டியதைக் கேட்டுத் தீதி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பென்சிலால் ஒவ்வொரு 'ப' மேலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் வைத்துத் தந்தார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதிலுக்கு என்ன கொடுப்பது? அண்ணன் சென்னையிலிருந்து வாங்கிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்திருந்தார். மொழிபெயர்க்க வார்த்தையே கிடையாது. மூன்று மாதம் கழித்துத்தான் தீதி திருப்பித் தந்தார். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வயலின்கள் எங்களுக்குத் தினமும் கேட்டன.

2006-ல் ஒருநாள் எங்கள் ஊர் அபர்தீன் பஜாரில் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். 'கேங்ஸ்டர்' படத்தின் இந்திப் பாட்டு. மெட்டோ தீதியின் கேசட்டில் இருந்த 'ப்ரிதிபி' பாட்டினுடையது! செயற்கைக்கோளும் கேபிள் டிவியும் உலகத்தைச் சுருக்கிவிட்டதாகச் சொல்லும் பாட்டு அது. இந்தியில் அது காதல் பாட்டாகியிருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

அந்தச் செயற்கைக்கோளை நம்பித்தான் எங்கள் இன்டர்நெட்டும் வெகுகாலம் நடந்தது. ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும். அதனால் சென்னையிலிருந்து ஹாடோ துறைமுகத்தில் வந்து இறங்குகிறவர்களின் மெமரி கார்டுதான் எங்களுக்கு இசைக்கடை. 2019-ல் சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் அப்படிக் கொண்டுவந்ததுதான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர். "அத்தை, இதைச் சத்தமா வெச்சுக் கேளுங்க" என்று புளூடூத்தில் அனுப்பினான்.

தீதி இப்போது ரங்கத் ஊரில் இருக்கிறார். அந்தப் பாட்டுகளை அவருக்கு அனுப்பப் பார்த்தேன், போகவே இல்லை. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேயரோடு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா என ஏழு தீவுப் பகுதிகளுக்கும் இணைப்பு. அதன்பிறகு அனுப்பினேன், போனது. உடனே தீதியின் போன். "இந்தியில் கானா என்றால் பாட்டுதானே, அதில் தனியாக என்ன கானா?" வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடுவதைப் பற்றி அரைமணி நேரம் சொன்னேன். பின்வாசல் படியில் அவர் எனக்குச் சொன்ன மாதிரியே, அடி அடியாக.

இன்றைக்கு எந்தப் பாட்டும் நொடியில் கிடைக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனில் இருக்கும் செயலி, நான் ஏற்கெனவே கேட்டதன் சாயலில் உள்ளதையே எடுத்துத் தருகிறது. தமிழ் கேட்டால் தமிழ், மெலடி கேட்டால் மெலடி. நான் கனவிலும் தேடியிருக்க முடியாத ஒன்றை, "இது உனக்குப் பிடிக்கும்" என்று நம்பிக் கொடுத்தவர் தீதி. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழர், இருபத்தெட்டு பேர் வங்காளிகள், தெலுங்கர் பதின்மூன்று, மலையாளிகள் ஏழு. ஒவ்வொரு வேலிக்கு அந்தப் பக்கமும் வேறு பாட்டு ஓடுகிறது. கேரளத்தின் 'அவியல்' குழுவையும் எனக்குக் காட்டியது செயலி இல்லை; அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்கார அம்மா.

உங்கள் பக்கத்து வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் இருந்தால், அவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லையென்றால் நான் தருகிறேன். மொஹீனேர் கோடாகுலி, 'ப்ரிதிபி'. அர்த்தம் சொல்ல ஒரு வங்காளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.