நீரை அளக்கும் கருவிகள்

நூலைச் சிட்டமாக எண்ணுகிறோம். துணியை அளந்து மடிக்கிறோம். விளைச்சலை எடை போட்டு விற்கிறோம். ஆனால் இவை யாவற்றிற்கும் மூலமான நீரை மட்டும் கண்மதிப்பாகவே செலவிடுகிறோம். இவ்வழக்கம் நெசவாளருக்கும் உழவருக்கும் ஒருங்கே தீங்கு பயப்பதாகும்.

நொய்யல் ஆற்றில் நிகழ்ந்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்புறத்து நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையிலேயே பின்னர்த் தொழில் தொடரலாயிற்று. பல பட்டறைகள் கூடி நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒவ்வொருவரும் அனுப்பும் நீர் எவ்வளவு என்று தெரிந்தாலன்றிச் செலவை நியாயமாகப் பங்கிட இயலாது. ஆகவே அளவுமானிகளின் வகைகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

சுழல் சக்கர மானி: நீரின் வேகத்தால் உள்ளிருக்கும் சக்கரம் சுழன்று கணக்குக் காட்டும். விலை குறைவு. தெளிந்த நீருக்கே ஏற்றது. பஞ்சும் நூல்துணுக்கும் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும்.

மின்காந்த மானி: 1831-இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியின்படி இயங்குவது. அசையும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. உப்புக் கலந்த சாயநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், கழிவுநீருக்கு இதுவே தகும். எண்ணெய்க்கும் நீராவிக்கும் உதவாது.

ஒலியலை மானி: குழாயை வெட்டாமல் வெளிப்புறத்திலேயே பொருத்தத்தக்க வகையும் இதில் உண்டு. நீரில் காற்றுக் குமிழிகள் மிகுந்தால் கணக்குப் பிசகும்.

முக்கோண வெட்டுப் பலகை: வாய்க்காலுக்கு உரியது, மின்சாரமே வேண்டுவதில்லை. செங்கோண வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இருப்பின் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர் பாயும். 20 சென்டிமீட்டராயின் ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரட்டிக்க, நீர் ஐந்தரை மடங்கிற்கும் மேலாகப் பெருகுகிறது. எனவே மட்டத்தைக் குறிப்பதில் நேரும் சிறு பிழையும் கணக்கில் பெரும் பிழையாய் முடியும்.

கருவியை வாங்குவதோடு கடமை தீர்ந்துவிடாது. குழாய் மானிகளை வளைவிற்கும் வால்விற்கும் அருகில் பொருத்தலாகாது. குழாய் நிரம்பி ஓடும் இடத்திலேயே அவற்றை அமைக்க வேண்டும். தினந்தோறும் அளவைக் குறித்து, எல்லோரும் காணும்படி வைத்தல் வேண்டும். மேற்புறத்துப் பட்டறையின் கணக்கைக் கீழ்ப்புறத்து உழவர் நம்பும் நிலை வருமாயின், அதுவே கூட்டுறவின் உண்மைப் பயன் என்போம்.