சுவர் ஒன்று, வீடு இரண்டு

கோலார் தங்கவயலில் பிறந்து, இன்று பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த ஊர்களிலும் குடியிருக்கும் நம்மவர் எவரும் 'லைன்' என்ற சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர்க்குச் சுரங்கக் கம்பெனி அளித்த இருப்பிடம் அது. முதலில் மூங்கில் தட்டிக் குடிசைகள்; பின்னர் வரிசையாய்ச் சிறு வீடுகள். இரு வீட்டுக்கும் சுவர் ஒன்றே. இப்பக்கம் குழந்தை அழுதால் அப்பக்கம் உறக்கம் போகும்.

அடுத்த வீட்டாரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கு எவருக்கும் இல்லை. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், சைவர், வைணவர், இஸ்லாமியர் யாவரும் அருகருகே வாழ்ந்தனர். அயோத்திதாசப் பண்டிதரைப் பின்பற்றி மாரிக்குப்பத்தில் சங்கம் கண்ட பௌத்தர்களும் இருந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. கீழே பாறை வெடித்தால் மேலே வீடு அதிரும். அதிர்ந்தவுடன் சுரங்க வாயிலுக்கு ஓடும் தாய், கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வாள்? அடுத்த வீட்டில்தான். அவ்வீட்டார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அந்நேரத்தில் விசாரிப்பாரில்லை.

லூக்கா எழுதின சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், தான் நேசிக்கவேண்டிய பிறன் யார் என்று நியாயசாஸ்திரி ஒருவன் கேட்கிறான். ஆண்டவர் விடையாகச் சொன்ன கதையில், குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயங்கட்டியவன் ஒரு சமாரியன். யூதர் சம்பந்தம் கலவாத கூட்டத்தான். ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். பழைய தமிழ் வேதாகமம் 'பிறன்' என்று சொல்லுமிடத்தில், பின்வந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. லைன் வீட்டில் வளர்ந்தவர்க்கு இச்சொல்லுக்கு உரை வேண்டியதில்லை என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் உழைக்கும் வயதினர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பலாயினர். பகலில் லைனில் எஞ்சுவோர் முதியவர்களே. பலருடைய நெஞ்சில் சுரங்கத் தூசி உண்டு. போதாததற்கு, காற்றடித்தால் சயனைடு மேட்டின் மண்ணும் வந்து சேரும்.

நம் சுவருக்கு அப்பாலும் அவ்வாறு ஒரு முதியவர் இருந்தார். நம் சபையாரல்லர். மகன் வாரம் ஒருமுறை வருவான். நம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவருடைய இருமல் கேட்கும். நாமோ கீர்த்தனையைச் சற்று உரக்கப் பாடுவோம். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். ஒரு வாரம் மேற்சொன்ன அதிகாரத்தையே வாசித்துத் தியானித்தோம். அன்று இருமல் கேட்கவில்லை. கூட்டம் அமைதியாய் நடந்தது என்று மகிழ்ந்தோமேயன்றி, காரணம் கேட்க எழுந்திருக்கவில்லை.

மறுநாட் காலை மூன்று வீடு தள்ளியிருந்த இஸ்லாமிய அம்மையார் நம் கதவைத் தட்டினார். முதியவர் இரண்டு நாளாய்க் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அவ்வம்மையார் கஞ்சி புகட்டிவிட்டு, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் துணை வேண்டுமென்றே வந்திருந்தார். நம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் இலகுவாயிருந்திருக்கும்.

முதியவர் பிழைத்து வந்தார். அதுமுதல் மாலைக் கஞ்சி நம் வீட்டிலிருந்து போகிறது. எடுத்துச் செல்வது நம் பேரனுடைய வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் அவ்வம்மையாருடைய முறை. அதையும் நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தோம். அவர் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்.