உஷார்! ஆபரேஷன் செய்த முட்டி மறுபடி நழுவுகிறதா?

"ஜவ்வு ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன பயம்?" அப்படி நினைக்கிறீர்களா? அந்த நினைப்புதான் ஆபத்து!

புனே கோந்த்வாவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவன். டர்ஃபில் ஃபுட்பால் ஆடும்போது முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்தது. தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்துப் புது ஜவ்வு வைத்தார்கள். வலி போனதும் பிசியோதெரபியை விட்டான். ஐந்தாம் மாதமே டர்ஃபில் இறங்கினான். அப்புறம், காத்ரஜ்–கோந்த்வா ரோட்டு நெரிசலில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினாலே முட்டி நழுவியது. "வீக்னஸ்தான், நீகேப் போடு" என்றார்கள் நண்பர்கள். போட்டான். மாதங்கள் ஓடின. ஸ்கேனில் புது ஜவ்வும் அறுந்திருந்தது. கூடவே, முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது!

வலி இல்லை என்பதற்காக ஜவ்வு பிடித்துவிட்டது என்று நம்பாதீர்கள்! இத்தாலி ஃபுட்பால் வீரர் ஜுசெப்பே ரோஸிக்கு 2011 அக்டோபரில் ஏசிஎல் அறுந்தது. 2012 ஏப்ரலில் அதே முட்டியில் மறுபடி அறுந்தது. அந்த ஆண்டு யூரோ கோப்பையில் ஆடும் வாய்ப்பே கைநழுவியது. ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும், மறுபடி அடிபடும் அபாயம் பாதியாகக் குறைகிறது என்கிறது 2016-ல் வெளியான டெலாவேர்–ஆஸ்லோ ஆய்வு.

இவற்றில் ஒன்று இருந்தாலும் சும்மா இருக்காதீர்கள்:

- படி இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது முட்டி கழன்றுகொள்வது போலிருக்கிறதா?
- நடந்த மறுநாள் வீங்குகிறதா?
- மடக்கிய கால் நீட்ட வராமல் லாக் ஆகிறதா?
- அந்தத் தொடை மட்டும் மெலிந்துகொண்டே போகிறதா?
- ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல், சூடு, சிவப்பு, தையலில் கசிவா? அன்றைக்கே ஆஸ்பத்திரி!

ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸையும் குருத்தெலும்பையும் தேய்க்கும். நாளைக்கு மூட்டுத் தேய்மானம் சீக்கிரமே வரலாம்.

புது ஜவ்வும் அறுந்து இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டால், அது முதலாவதைப் போல இருக்காது! பலன் பெரும்பாலும் குறைவுதான். முதல் ஜவ்வு ஏன் தோற்றது? எலும்பில் போட்ட துளை இடம் மாறியதா? பக்கவாட்டு ஜவ்வின் காயம் கண்ணில் படாமல் போனதா? கால் எலும்பின் மேல்தளச் சரிவு அதிகமா? காரணம் தெரியாமல் மறுபடி கத்தி வைத்தால் மறுபடியும் அறுந்துபோகலாம். பழைய துளை மிகவும் விரிந்திருந்தால், முதலில் எலும்புத்தூள் வைத்து அடைத்து, சில மாதம் காத்திருந்துதான் ஜவ்வு வைக்க வேண்டிவரும். துளை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கேன் உதவும்.

பழைய ஆபரேஷன் குறிப்பு, என்ன ஸ்க்ரூ வைத்தார்கள் என்ற விவரம், எம்ஆர்ஐ எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். டாக்டரிடம் முதல் கேள்வி, "எப்போது ஆபரேஷன்?" அல்ல. "முதலாவது ஏன் தோற்றது?" பதில் கிடைக்கும்வரை சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள்!