கொதிக்கும் மணலில் குழிநரி எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

2016 மே 19. ராஜஸ்தானின் பலோடியில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். அது நிழலில் அளந்த காற்றின் சூடுதான். வெயிலில் கிடக்கும் மணல் அதைவிட அதிகமாகக் கொதிக்கும். செருப்பு இல்லாமல் நாலு அடி வைக்க முடியாது. ஆனால், காய்ந்த மணலையே வீடாக்கிக்கொள்ளும் ஒரு பூச்சி இருக்கிறது: குழிநரி.

யார் இது?

சின்ன வயதில் நீங்களே பார்த்திருக்கலாம். திண்ணை ஓரப் புழுதியில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். எறும்பைப் போட்டால் அடியிலிருந்து மண் தெறிக்குமே, அதைச் செய்வது குழிநரிதான். இது தும்பி போலத் தெரியும் ஒரு பூச்சியின் லார்வா.

ஏன் காய்ந்த மணல்?

ஈர மணல் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மணலோ லேசாகத் தொட்டாலே சரியும். சரியும் நிலைக்குச் சற்று முன்பு நிற்கிற சாய்வில்தான் குழியின் சுவர் இருக்கும். எறும்பு கால் வைத்ததும் சுவர் சரிந்துவிடும். மற்ற உயிர்களுக்குப் பிரச்சினையாக இருக்கும் வறட்சிதான், இதற்கு வேட்டைக் கருவி.

சூட்டுக்கு என்ன வழி?

வெயில் ஏறும்போது குழிக்குள் நிழல் விழும் பக்கத்துக்கு நகரும். இன்னும் சூடானால் ஆழத்துக்குப் போய்விடும். சில சென்டிமீட்டர் இறங்கினாலே சூடு நன்றாகக் குறையும். ஆனால், கீழே போனால் மேலே விழும் இரையைத் தவறவிட வேண்டியதுதான்.

தண்ணீர், சாப்பாடு?

தண்ணீர் இரையின் உடல்நீரிலிருந்தே கிடைக்கிறது. தோலின் மெழுகுப் பூச்சு அதை ஆவியாக விடாது. லார்வா மலம் கழிப்பதே இல்லை! கழிவை உள்ளேயே சேர்த்துவைத்து, இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேற்றும். ஓடாமல் காத்திருந்தே வேட்டையாடுவதால் செலவாகும் சக்தியும் குறைவு. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். இரை சரியாகக் கிடைக்காவிட்டால் லார்வா பருவமே இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும்.

அப்போ எந்த வெயிலையும் தாங்குமா?

தாங்காது. இதன் தந்திரங்களில் பாதி, இடம் மாறுவதுதான். வெயில் நேரம் நீண்டால் ஆழத்தில் பதுங்கும் நேரமும் நீளும், வேட்டை நேரம் சுருங்கும். மழை படாத, உதிரி மண்ணும் வேண்டும். திண்ணை ஓரம் வரை சிமென்ட் பூசிவிட்டால் குழி பறிக்க இடமில்லை. 51 டிகிரி வெயிலுக்கு ஒதுங்கத் தெரிந்த பூச்சிக்கு, சிமென்ட் தரைக்கு வழி தெரியாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.