குனிந்த வண்டியும் நிமிர்ந்த வண்டியும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் அக்கரையில் அமைந்த ஊர் குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் விரும்பி வாழ்ந்த இடம் அது. இன்று அவ்வழியே மகியங்கனைப் பெருவீதி செல்கின்றது. காலை வேளையில் தென்னக்கும்புறப் பாலத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் பேருந்துகளுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் இடையே, முதுகை வில்லென வளைத்து, பெற்றோல் தாங்கியின்மேல் மார்பு படியக் குனிந்து செல்லும் இளைஞரைக் காணலாம். அவர்கள் ஏறியிருப்பது பந்தய வண்டியின் சாயலில் அமைந்த 'ஸ்போர்ட்ஸ்' மோட்டார் சைக்கிள். சில ஆண்டுகள் சென்றபின் அவர்களுள் பலர் அதனை விற்று, நிமிர்ந்து அமரும் வண்டி ஒன்றை வாங்குகின்றனர். வயது ஏறிவிட்டது என்று நண்பர் நகைப்பர். உண்மைக் காரணம் வயதன்று.

பந்தய வண்டியில் கைபிடி தாழ்ந்தும் கால்மிதி பின்னே உயர்ந்தும் இருப்பது அழகுக்காக அன்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் 80 ஆகுமாயின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய வலு எட்டு மடங்காகும். ஆதலால் குனிந்தவன் வெல்கின்றான். அதுமட்டுமன்று, பெருவேகத்தில் எதிர்க்காற்றே ஓட்டுபவனின் மார்பைத் தாங்கி, மணிக்கட்டின் பாரத்தைக் குறைத்துவிடுகின்றது. பாலத்தருகே ஊர்ந்து செல்லும் வண்டியிலோ அத்தகைய காற்று இல்லை. உடலின் மேற்பாகம் முழுவதையும் இரு உள்ளங்கைகளே சுமக்கின்றன. அங்கே நரம்பு நசுங்க, சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரக்கும். இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை என்பதையும் இங்கே நினைத்தல் தகும். குனிந்ததன் பயனை அறுவடை செய்யும் வீதி இந்நாட்டில் அவனுக்குக் கிட்டுவதே அரிது.

துன்பம் மட்டுமே என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தும் உண்டு. குண்டசாலையிலிருந்து கிழக்கே சென்று, உன்னஸ்கிரிய மலையைக் கடந்து மகியங்கனைக்கு இறங்குவோர் 'பதினெட்டு வளைவு' என்று பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளைத் தாண்டவேண்டும். இறக்கத்தில் வண்டியே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பிறேக்கை அழுத்துந்தோறும் உடல் மேலும் முன்னே சரியும். அதனைத் தடுக்க முழங்கையை விறைத்து ஊன்றினால், அந்தக் கையால் கைபிடியை நுட்பமாகத் திருப்புவது எங்ஙனம்? மரத்த விரல் பிறேக்கின் அளவை எங்ஙனம் உணரும்? எதிரே பேருந்து ஒன்று வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டு வரும்போது இவ்வினா ஏட்டு வினா அன்று.

நிமிர்ந்த வண்டியை இளைஞர் 'நேக்கட்' என்பர். காற்றைக் கிழிக்கும் மேலுறை இன்றி எந்திரம் வெளியே தெரிவதால் வந்த பெயர். வேடிக்கை யாதெனில், ஒருகாலத்தில் வீதி வண்டிகள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. அப்போது எவரும் அதனை வெற்றுடம்பு என்று அழைக்கவில்லை. 1985இல் சுசுகியின் ஜீ.எஸ்.எக்ஸ்.-ஆர்.750 போன்றவை பந்தய உருவை வீதிக்குக் கொணர்ந்தன. விழுந்து உடைந்த மேலுறையை மீண்டும் வாங்கப் பணமின்றி, அதனைக் கழற்றிவிட்டு உயர்ந்த கைபிடியைப் பூட்டி ஓட்டியோர் ஐரோப்பாவில் பலர். 1993இல் விற்பனைக்கு வந்த டுக்காட்டி 'மொன்ஸ்டர்' அத்தோற்றத்துக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. இன்று யமஹாவின் ஆர்-15, எம்.டி.-15 ஆகிய இரண்டும் ஒரே 155 சி.சி. எந்திரத்தின் வழிவந்த உடன்பிறப்புக்களே. வேற்றுமை பெரும்பாலும் அமரும் முறையிலேதான்.

அகன்று உயர்ந்த கைபிடி நெம்புகோல்போல் உதவுவதால், குறைந்த வேகத்தில் வண்டி எளிதில் திரும்பும். தலை நிமிர்வதால் நெரிசலில் தொலைவு தெரியும். எனினும் மாறியோர் சில நாள் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். முன்சக்கரத்தின் மேலிருந்த உடற்பாரம் சற்றுப் பின்னே செல்வதால் வளைவில் அச்சக்கரத்தின் பிடிப்பு முன்போல் கைக்குத் தெரியாது. வேகம் கூடினால் காற்று மார்பைத் தள்ளும்; அதற்கு அஞ்சிக் கைபிடியை இறுகப் பற்றினால் வண்டி ஆடத் தொடங்கும். முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்து, கையைத் தளர விடுவதே முறை. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எந்திரமே வேகத்தை அடக்குமாறு விடுதல் இரு வண்டிக்கும் பொருந்தும். இழப்பும் இல்லாமலில்லை. ஐப்பசி மழையில் மேலுறை மறைத்த நீர் இனி நேரே நெஞ்சில் அறையும். நல்ல மழைச்சட்டைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கவேண்டும்.

வண்டியை மாற்றாது கைபிடியை மட்டும் உயர்த்தினால் ஆகாதோ என்பர் சிலர். ஆகும்; ஆனால் அது தோன்றுமளவு எளிதன்று. கிளச்சுக் கம்பியும் பிறேக் குழாயும் நீளம் போதாது இழுபடக்கூடும். கைபிடியை ஒருபக்கம் முற்றாகத் திருப்பும்போது மேலுறையில் முட்டினால், கொண்டையூசி வளைவின் நடுவே வண்டி நின்றுவிடும். வேலை முடிந்ததும் எந்திரத்தை இயக்கி, கைபிடியை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். எந்திர ஓசை தானே உயருமாயின் விசைக்கம்பி இழுபடுகின்றது என்பது பொருள். அதனைச் சீர்செய்யாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்தலாகாது.