பெரகல ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின்

வெயில் மாதங்களில் வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் வீதியில், பொனட்டைத் திறந்தபடி ஓரங்கட்டி நிற்கும் கெப் வண்டிகளைக் காணலாம். கேட்டால் பலரும் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். வெயிலுக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு ஏற்றத்துக்கே.

வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெரகல சந்தியில் ஏ4 வீதியை விட்டு ஏ16இல் திரும்பி அப்புத்தளையை எட்டும்போது உயரம் 1,400 மீற்றரைத் தாண்டிவிடும். வண்டியும் மரக்கறி மூட்டைகளுமாக 3 தொன் பாரத்தை 1,200 மீற்றர் தூக்கத் தேவையான ஆற்றல், ஒரு லீற்றர் டீசலில் அடங்கியிருக்கும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். எஞ்சினோ எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு அளவையே வேலையாக மாற்றுகிறது. ஆகவே பாரத்தைத் தூக்க மட்டுமே 3 லீற்றர் எரிய வேண்டும். மிச்ச வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி புகையோடு போய்விடும். மறுபாதியை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் ரேடியேட்டரின் தலையில் விழுகிறது.

அந்த நேரம் பார்த்துக் காற்றும் குறைகிறது. சமதரையில் ஓடும்போது முகப்பில் மோதும் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் விசிறிதான் கதி. பல டீசல் கெப்களில் விசிறியின் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளச் இருக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் எஞ்சின் சுழலும் வேகத்துக்கு விசிறி சுழலாது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் கிளச் தேய்ந்துவிட்டது. தோட்டத்துச் செம்மண் சேறும் புல் விதைகளும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அடைத்திருந்தால், நல்ல விசிறியாலும் பயன் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் அதிகம் கவனிக்கப்படாதது ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அப்புத்தளை உயரத்தில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழக்கமாக ஓடுவதே 85 முதல் 100 பாகை வரையில். நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கொதிநிலையை 120 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்துப்போனாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். விலை குறைந்த சாமான்தான். மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் அதை மாற்றத் தயங்கவே கூடாது.

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறக்கலாம். அது எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால், அழுத்தம் விடுபட்டு நீராவியும் கொதிநீரும் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுவதே நல்லது. பாதையோர ஓடைத் தண்ணீரை உடனே ஊற்றினால், கொதிக்கும் அலுமினிய ஹெட் திடீரெனக் குளிர்ந்து வளையவோ வெடிக்கவோ கூடும். எஞ்சின் ஆறிய பிறகு ஆபத்துக்கு அந்தத் தண்ணீரை ஊற்றலாம். ஆனால் ஊர் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு, கூலண்ட் கலந்த நீரை நிரப்ப வேண்டும். இல்லையேல் துருவும் சுண்ணாம்புப் படிவும் குழாய்களை அடைக்கும்.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்ப்பதும் அவசியம். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை அது நிற்கும் இடத்துக்கே அழைக்க வேண்டும்.