ரிமோட்டைக் கிடையாகப் பிடித்தால் போதும்

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோல் ஆட்டத்தை வேறு கருவியில் ஓட்டும் புரோகிராம், என்றால் எல்லாரும் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். பழைய கன்சோலின் சிப்பை அப்படியே நடித்துக்காட்டுகிறதா, சத்தம் பிசிறடிக்காமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் பார்ப்பது வேறு. அக்கா மகன் "மாமா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடாமல் தானே ஆட ஆரம்பிக்கிறானா?

எங்கள் வீட்டில் இருப்பது நின்டெண்டோவின் வீ, 2006-ல் வெளிவந்த கன்சோல். 2008-ல் ஆர்வலர் குழு ஒன்று அதற்கு 'ஹோம்ப்ரூ சேனல்' என்ற கள்ளவாசலைத் திறந்தது. அதன் வழியாக, கம்பெனியின் அனுமதி இல்லாமல் தனியாட்கள் பொழுதுபோக்காக எழுதிய புரோகிராம்களை எஸ்.டி. கார்டில் போட்டு ஓட்ட முடிந்தது. இவற்றுக்குத்தான் ஹோம்ப்ரூ என்று பெயர்.

தொண்ணூறுகளில் நம் ஊரில் 'டிவி கேம்' பெட்டியில் மாரியோவும் கான்ட்ராவும் ஆடினோமே, அந்தப் பெட்டி நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து அடித்த நகல். அந்த ஃபேமிகாமை வீயில் உயிர்ப்பிப்பது எஃப்.சி.இ. அல்ட்ரா ஜி.எக்ஸ். என்ற ஹோம்ப்ரூ எமுலேட்டர். அதற்கு அடுத்த தலைமுறையான சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் ஜி.எக்ஸ். (ஆட்டங்களை எங்கிருந்து எடுப்பது என்பது தனிப் பஞ்சாயத்து, பதிப்புரிமை இன்னும் காலாவதியாகவில்லை.)

இரண்டிலும் எனக்குப் பிடித்தது, கையை மதிக்கும் குணம். கம்ப்யூட்டர் எமுலேட்டரில் எந்தக் கீயை அழுத்தினால் குதிக்கும் என்று முதலில் தேட வேண்டும். இங்கே ஃபேமிகாம் ஆட்டத்துக்கு வீ ரிமோட்டைக் கிடையாகப் பிடித்தால் இடது கட்டைவிரலுக்குத் திசைப் பட்டன், வலதுக்கு 1, 2. பழைய பேடில் பி-யும் ஏ-யும் இருந்த அதே இடம். பிளஸ்தான் ஸ்டார்ட், மைனஸ் செலக்ட். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெனுவுக்கு வர ஹோம் பட்டன். ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டினால் பெரிய பெரிய பட்டன்கள், குறி தவறாது. ஆட்டத்தை நடுவில் நிறுத்திச் சேமித்தால் அந்த நொடியின் திரை குட்டிப் படமாகப் பட்டியலில் வந்து நிற்கிறது. தேதியையும் எண்ணையும் பார்த்துக் குழம்பாமல், ராட்சசனுக்கு முன்னால் நின்ற படத்தைத் தேடித் தொட்டால் போதும்.

சேமிப்பில்தான் சூட்சுமம் அதிகம். பழைய கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில் சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். பவரை நிறுத்தினாலும் ஆட்டக் கணக்கு அழியாது. எமுலேட்டரில் அந்தக் கணக்கு முதலில் தற்காலிக நினைவகத்தில் கிடக்கும், எஸ்.டி. கார்டில் எழுதினால்தான் தங்கும். ஆடுகிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. அதனால் மெனுவுக்கு வரும்போதே தானாக எழுதிவிடும் வசதியை வைத்திருக்கிறார்கள். நேராக பவரை அணைத்தால் மட்டும் அம்பேல்.

குறையும் உண்டு. வீடியோ அமைப்புக்குள் போனால் 'ஒரிஜினல்', 'ஃபில்டர்டு', 'அன்ஃபில்டர்டு' என்று மொட்டையாக நிற்கிறது. 'ஒரிஜினல்' என்பது பழைய 240 வரி சிக்னல்; சில புதிய டிவிகள் அதை ஏற்பதில்லை. திரை இருண்டால் பையன் மாமாவைத்தான் கூப்பிடுவான். பட்டனுக்குக் கீழே ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம்.